மெய்குவான் பழஞ்சாலை: நடந்து கடக்க விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

தென்சீனாவில் குவாங்டாங், ஜியாங்சி ஆகிய இரு மாகாணங்களுக்கு நடுவே தாயூ மலைத்தொடர் கிடக்கிறது. அதன் குறுக்கே கி.பி. 716-இல் வெட்டப்பட்ட மலைச்சாலை இன்றும் கல் பாவிய நடைபாதையாக இருக்கிறது. கணவாயின் உச்சியில் ஒரு பழைய வாசல். அந்த வாசலின் பெயரால் இதை மெய்குவான் பழஞ்சாலை என்கிறார்கள். சீனப் பெருஞ்சுவரையும் ஷாங்காயையும் பார்த்துவிட்டுத் திரும்பும் நம்மவர்கள் இந்தப் பக்கம் வருவது குறைவு. வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு பக்கமாக ஏறி, வாசலில் படம் எடுத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கிவிடாதீர்கள். மறுபக்கம் இறங்குங்கள். இது கடப்பதற்காகப் போட்ட சாலை.

இது கடினமான மலையேற்றமா?

இல்லை. சாலை ஏறும் இடத்தில் மலை ஆயிரம் மீட்டரைத் தொடுவதில்லை. கணவாய் அதைவிடத் தாழ்வு. குவாங்டாங் பக்க நுழைவாயிலிலிருந்து மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் வாசலை அடைந்துவிடலாம். மூச்சு வாங்கும், ஆனால் உயர மலைகளின் காற்றுக்குறைவு இங்கே கிடையாது. வெள்ளியங்கிரி ஏறிப் பழகியவர்களுக்கு இது காலை நடைதான்.

சுமையோடு போகும் ஆட்களும் குதிரைகளும் பல்லக்குகளும் அன்றாடம் கடக்க வேண்டும் என்பதற்காகத்தான் சாலையை இப்படி வளைத்து, சரிவைத் தணித்துப் போட்டார்கள். செங்குத்தான இடங்களில் மட்டும் படிகள் வரும்.

அப்படியானால் இதில் பார்க்க என்ன இருக்கிறது?

இரண்டு பெரிய ஆற்றுப்படுகைகள் இந்த மலை முதுகில் முதுகு உரசி நிற்கின்றன. தெற்குச் சரிவில் விழும் மழை ஜென்ஜியாங் ஆற்றில் சேர்ந்து, பெய்ஜியாங் வழியாக முத்து ஆற்றுக்குப் போய், குவாங்சோவைத் தொட்டுத் தென்சீனக் கடலில் கலக்கிறது. வடக்குச் சரிவில் விழும் மழை ஜாங் ஆறாகி, கான்சோ நகரில் கான் ஆறாகி, போயாங் ஏரி வழியாக யாங்சியில் சேர்கிறது. யாங்சியிலிருந்து பெருங்கால்வாய் வடக்கே பெய்ஜிங் வரைக்கும் போகிறது.

இதன் பொருள் என்னவென்று வணிகர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். குவாங்சோவில் படகில் ஏற்றிய சரக்கைப் பெய்ஜிங் வரை தண்ணீரிலேயே கொண்டுபோகலாம். நடுவில் இந்த ஒரு மலை மட்டும்தான் தடை. தெற்கே நான்சியோங்கில் படகிலிருந்து இறக்கி, தோளில் சுமந்து, மலையைக் கடந்து, வடக்கே நானான் துறையில் மறுபடி படகில் ஏற்ற வேண்டும். நானான் என்பது இன்றைய தாயூ நகரம். ஒரு நாள் நடை. அந்த ஒரு நாள் நடைக்காகப் போட்ட சாலை, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒரு பேரரசின் வடக்கையும் தெற்கையும் இணைத்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் காலடியில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் வேறு மாதிரித் தெரியும். தெரியாமல் போனால், ஏதோ ஒரு காட்டுப்பாதை, ஏதோ ஒரு பழைய வாசல். அவ்வளவுதான்.

சாலையைப் போட்டது யார்?

ஜாங் ஜியூலிங். தெற்கே ஷாவ்சோ பகுதியைச் சேர்ந்தவர். பின்னாளில் தாங் அரசின் முதன்மை அமைச்சரான அவர், கவிஞராகவும் பெயர் பெற்றவர். பதவியை விட்டுச் சொந்த ஊரில் இருந்த காலத்தில், மலையைக் கடக்கும் பழைய பாதை செங்குத்தாகச் சிதைந்து கிடப்பதை அரசுக்கு எடுத்துச் சொல்லி, 716-இல் புதுச்சாலை வெட்டும் பொறுப்பை ஏற்றார்.

அவர் எழுதிய சாலைக் குறிப்பு இன்றும் கிடைக்கிறது. கடல் கடந்த நாடுகள் நாள்தோறும் வணிகத்துக்கு வருகின்றன; தந்தம், தோல், இறகு, மீன், உப்பு, சிப்பி என்று தெற்கின் செல்வம் பெருகிக் கிடக்கிறது; அதைக் கொண்டுபோக வழிதான் இல்லை என்று அதில் காரணம் சொல்கிறார். புதர்களை விலக்கிக்கொண்டு தானே மலையேறி இடம் பார்த்திருக்கிறார். உழவர்களுக்கு வயல் வேலை இல்லாத பருவமாகப் பார்த்து வேலைக்கு அழைத்திருக்கிறார். என்னை மிகவும் கவர்ந்தது இந்தக் கடைசிச் செய்திதான். பெரிய கட்டுமானங்களின் கதையில் வேலை செய்தவனின் அறுவடையைப் பற்றி ஒரு வரி வருவது அரிது.

வாசல் எப்போது கட்டப்பட்டது? அதில் என்ன எழுதியிருக்கிறது?

சோங் ஆட்சியில், 1063-ஐ ஒட்டி. இப்போது எஞ்சி நிற்பது கனத்த வளைவு வாசல். மேலே இருந்த மாடம் போய்விட்டது. தெற்கு முகத்தில் ஒரு பட்டயம், வடக்கு முகத்தில் ஒரு பட்டயம். தெற்கிலிருந்து ஏறி வருபவருக்கு ‘மலைக்குத் தெற்கான நாட்டின் முதல் வாசல்’ என்று இருக்கும். வடக்கிலிருந்து வருபவருக்குத் தென்னாட்டின் வலிய வாசல் என்று இருக்கும்.

வாசலின் இருபுறமும் ஓர் இணைவரி பொறித்திருக்கிறார்கள். மெய் (குளிர்காலத்தில் பூக்கும் பிளம் வகை மரம்) மரத்தின் காய் வழிப்போக்கரின் தாகம் தணிக்கும், வாசல் கொள்ளையரைத் தடுத்து நிறுத்தும் என்பது அதன் கருத்து. நடந்து களைத்தவனுக்குத் தேவையான இரண்டையும் இரண்டே வரியில் சொல்லிவிட்டார்கள்.

மாகாண எல்லை இந்த வாசல் வழியாகத்தான் ஓடுகிறது. ஒரு கால் குவாங்டாங்கில், மறு கால் ஜியாங்சியில் என்று நின்று படம் எடுக்காதவர் இல்லை. நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வளைவுக்குள் கொஞ்சம் நின்று தரையைப் பாருங்கள். தேய்ந்து வழுவழுத்துப் போன கற்கள் அங்கே இருக்கின்றன.

பாதையோரத்து மரங்கள் இயற்கையாக வளர்ந்தவையா?

காட்டு மரங்களும் உண்டு. ஆனால் இந்தச் சாலையின் நிழலுக்குத் தனிக்கதை இருக்கிறது. சோங் ஆட்சியில் சாய் காங், சாய் டிங் என்று இரண்டு சகோதரர்கள் அதிகாரிகளாக இருந்தார்கள். அண்ணன் காங் குவாங்டாங் பக்கம், தம்பி டிங் ஜியாங்சி பக்கம். மலைக்குத் தெற்கே குவாங்சோ வரை வழி வெறிச்சோடிக் கிடப்பதையும், போவோர் வருவோருக்கு ஒதுங்க நிழல் இல்லாததையும் பார்த்து, அண்ணன் தம்பி இருவரும் கலந்து பேசி, மக்களைக் கொண்டு சாலையின் இருபுறமும் பைன் மரங்களை நட வைத்தார்கள். வழிநடப்பவர்கள் இளைப்பாறுவதற்காக என்று சோங் வரலாற்று நூல் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. வாசலும் இவர்கள் காலத்ததுதான்.

பிற்காலத்தில் மெய் மரங்களை மீண்டும் மீண்டும் நட்டிருக்கிறார்கள். இன்று குளிர்காலத்தில் பூத்துக் குலுங்குபவை அவைதான்.

போதிதருமருக்கும் இந்த மலைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் நேரடியாக அல்ல, அவருடைய மேலாடை வழியாக.

போதிதருமர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்பது சீனத்தின் பழைய குறிப்புகளில் ஒன்று. காஞ்சிபுரத்து இளவரசர் என்பது நம்மிடையே பரவிய மரபு. அவருடைய மேலாடையும் திருவோடும் குருவிடமிருந்து சீடருக்குக் கைமாறி ஐந்தாம் குரு ஹோங்ரென் வரைக்கும் வந்ததாகச் சான் பௌத்தம் (ஜப்பானில் ஜென்) சொல்கிறது. ஐந்தாம் குரு அதைக் கொடுத்தது ஹுய்நெங்குக்கு. அவர் எழுதப் படிக்கத் தெரியாத தெற்கத்தி விறகுவெட்டி, மடத்தில் நெல் குத்தியவர். மற்றச் சீடர்களுக்குப் பொறுக்கவில்லை. ஹுய்நெங் மேலாடையோடு இரவோடிரவாகத் தெற்கு நோக்கிப் போனார். விரட்டி வந்தவர்களில் முன்னால் வந்தவர் ஹுய்மிங் என்ற முன்னாள் படைவீரர். தாயூ மலையில் அவர் எட்டிப் பிடித்துவிட்டார்.

ஹுய்நெங் மேலாடையை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு ஒதுங்கினார். ஹுய்மிங் அதைத் தூக்கப் பார்த்தார், அசையவில்லை. பயந்துபோய், “ஆடைக்காக வரவில்லை, அறத்துக்காக வந்தேன்” என்றார். அப்போது ஹுய்நெங் கேட்ட கேள்வியை இன்றும் சான் மடங்களில் தியானத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள்: நல்லது என்றும் நினைக்காமல், கெட்டது என்றும் நினைக்காமல் இருக்கும் இந்தக் கணத்தில் உன் உண்மையான முகம் எது?

அந்தப் பாறை என்று ஒன்றை வழியில் காட்டுவார்கள், ஆறாம் குருவான ஹுய்நெங்குக்குக் கோயிலும் உண்டு. இந்த நிகழ்ச்சியை 7-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். அதாவது ஜாங் ஜியூலிங் சாலை வெட்டுவதற்கு முன்பு, செங்குத்தான பழைய பாதை மட்டும் இருந்த காலம்.

சோழர்கள் இந்த வழியாகப் போனார்களா?

சோழ நாட்டிலிருந்து சோங் அரசவைக்குத் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் போய்ச் சேர்ந்ததைச் சீன ஆவணங்கள் பதிவு செய்திருக்கின்றன. முதல் தூது இராசராசன் அனுப்பியது. நாட்டிலிருந்து புறப்பட்டுக் குவாங்சோவை அடைய 1,150 நாள் ஆனது என்று சோங் வரலாற்று நூல் கணக்கு வைத்திருக்கிறது. தலைநகரமோ வடக்கே கைஃபெங்கில். குவாங்சோவில் இறங்கியவர்கள் வடக்கே போக அன்றைய முதன்மையான பெருவழி தாயூ கணவாய் வழிதான். வாசலுக்குக் கீழே நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறது என்றே எண்ணுகிறேன்.

வேறு யாரெல்லாம் கடந்தார்கள்?

பட்டியல் நீளும். இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி 1595-இல் வடக்கு நோக்கிக் கடந்தார். கூட்டம் கூட்டமாக ஆட்களும் சரக்கும் மலையேறிப் போவதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி, சீனப் பேரரசரிடம் கேட்டது எதுவும் கிடைக்காமல், 1793 டிசம்பரில் தெற்கு நோக்கி இறங்கினார். மெய்யியலாளர் வாங் யாங்மிங் நோயோடு தெற்கிலிருந்து மலையைக் கடந்து, நானானில் படகேறிய சில நாளிலேயே, 1529 ஜனவரியில், ஆற்றின் மேலேயே உயிர்விட்டார்.

ஆனால் இந்த மலையோடு மிகவும் ஒட்டிப்போனவர்கள் நாடுகடத்தப்பட்டவர்கள். மலைக்குத் தெற்கே காய்ச்சலும் புழுக்கமும் என்று வடக்கத்தி அதிகாரிகள் நடுங்கிய காலம் அது. அரசருக்குப் பிடிக்காமல் போனவர்களைத் தெற்கே அனுப்புவார்கள். கணவாயைத் தாண்டினால் திரும்புவோமா என்பது உறுதியில்லை. கவிஞர் சூ ஷி 1094-இல் அப்படித்தான் கடந்தார், பிறகு கடல் தாண்டி ஹைனான் தீவு வரைக்கும் தள்ளப்பட்டார். மன்னிப்புக் கிடைத்து 1101-இன் தொடக்கத்தில் வடக்கே திரும்பும்போது மலைமேல் ஒரு முதியவரைச் சந்தித்துக் கவிதை எழுதிக் கொடுத்தார். அதில் இருக்கும் கேள்வி: ஐயா, இந்த மலையுச்சியிலேயே குடியிருக்கிறீரே, தெற்கே அனுப்பப்பட்டவர்களில் திரும்பி வந்தவர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்? அந்த முதியவர் தன் கையால் நட்ட பைன் மரங்கள் அப்போது கட்டிப்பிடிக்கும் பருமனுக்கு வளர்ந்திருந்ததாகவும் அதே கவிதை சொல்கிறது. திரும்பிய சூ ஷி அந்த ஆண்டே காலமானார்.

தெற்கிலிருந்து வடக்காக நடந்தால், நீங்கள் நடப்பது திரும்பி வந்தவர்களின் வழி.

பூப் பார்க்க எந்த மாதம் போக வேண்டும்?

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க. குளிர் கூடினாலும் குறைந்தாலும் நாள் கொஞ்சம் முன்பின் ஆகும். தெற்குச் சரிவில் முதலில் பூக்கும், அங்கே உதிரும் நேரத்தில் வடக்குச் சரிவில் பூக்கத் தொடங்கும் என்று தாங் காலத்திலிருந்தே எழுதி வருகிறார்கள். ஒரே மலையில் வெயில் படும் பக்கத்துக்கும் படாத பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அது. கடந்து போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓர் எச்சரிக்கை. சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நாடு முழுக்க ஊர் திரும்பும் கூட்டம், ரயில் சீட்டு கிடைக்காது. பூவும் வேண்டும், நெரிசலும் கூடாது என்றால் ஜனவரி முதல் பாதியைப் பாருங்கள்.

பூ முக்கியமில்லை, நடைதான் முக்கியம் என்பவர்களுக்கு அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் வரை அருமை. வானம் தெளிவாக இருக்கும், கல் காய்ந்திருக்கும். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, அதைத் தவிர்த்துவிடுங்கள். மார்ச்சிலிருந்து ஜூன் வரை மழை, பாசி, வழுக்கல். கோடையில் சென்னைப் புழுக்கமே தேவலாம் என்று இருக்கும்.

எப்படிப் போய்ச் சேர்வது?

நான் பரிந்துரைப்பது ஒரு வளைய வழி. குவாங்சோ தெற்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஷாவ்குவான், சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து பேருந்திலோ காரிலோ நான்சியோங், ஏறத்தாழ 100 கி.மீ. ஷாவ்குவானையும் கான்சோவையும் இணைத்து 2014-இல் திறந்த சாதாரண ரயில் பாதையில் நான்சியோங், தாயூ இரண்டு ஊர்களுக்கும் நிலையம் உண்டு. வண்டிகள் குறைவு, எனவே நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான்சியோங் நகரிலிருந்து மலையடிவாரம் சுமார் 30 கி.மீ.

கடந்து வடக்கே இறங்கினால் தாயூ நகரம் 10 கி.மீ. அளவில்தான். அங்கிருந்து கான்சோ போய், கான்சோ மேற்கு நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் ஷென்சென். போன வழியே திரும்ப வேண்டியதில்லை.

கான்சோவில் ஒரு நாள் தங்குங்கள். சோங் காலத்து நகரச் சுவர் ஆற்றோரமாக நிற்கிறது. அதன்மேல் நின்றால் தாயூ மலையிலிருந்து வந்த ஜாங் ஆறு, கோங் ஆற்றோடு கலந்து கான் ஆறாவதைப் பார்க்கலாம். நீங்கள் நடந்த மலையின் தண்ணீர் அது.

விசா, விமானம்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முன்கூட்டியே சீன விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். 2020-இல் நின்றுபோன இந்திய–சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் கொல்கத்தா–குவாங்சோ சேவையோடு மறுபடி தொடங்கின. சென்னையிலிருந்து கிளம்புபவர்கள் கொல்கத்தா, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று ஏதாவது ஒரு வழியில் மாறிப் போகலாம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், சீட்டு எடுக்கும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கணவாயை மட்டும் கடந்து மறுபக்கம் இறங்க அரை நாள் போதும், நின்று பார்த்துக்கொண்டே போனாலும். நல்ல நடையாளர்கள் தெற்கே ஜூஜி பழந்தெருவிலிருந்தே நடக்கத் தொடங்கலாம். அது கூடுதலாக 20 கி.மீ. அளவு, ஒரு முழு நாள். 2016-க்குப் பிறகு குவாங்டாங் மாகாணம் தன் பழைய அஞ்சல் சாலைகளைச் சீரமைத்து வருகிறது, இந்தப் பகுதியில் வழிப்பலகைகள் உண்டு. வயல், கிராமம், தார்ச்சாலை, பழைய கல் என்று மாறி மாறி வரும். முழுக்கப் பழமை என்று எதிர்பார்க்காதீர்கள்.

மேலே போகும்போது வாசலின் இருபுறமும் இரண்டு மாகாணங்களின் தனித்தனி நிர்வாகம் என்பதை நினைவில் வையுங்கள். நுழையும் இடத்திலேயே, “அந்தப் பக்கம் இறங்கிப் போகலாமா, தனிச் சீட்டு வேண்டுமா?” என்று கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய பெட்டியைத் தங்கும் விடுதியிலிருந்து மறுபக்கத்து ஊருக்குக் காரில் அனுப்பிவிட்டு, தோள்பையோடு நடப்பவர்களும் உண்டு.

ஜூஜி தெருவில் நிற்க வேண்டுமா?

கட்டாயம். மலையைக் கடந்து தெற்கே வந்த குடும்பங்கள் தங்கி, பிறகு முத்து ஆற்றுச் சமவெளிக்குப் பரவிய இடம் இது. காண்டோனீய மக்களில் ஏராளமான குடும்பங்கள் தங்கள் பூர்வீகமாக இந்த ஒரு தெருவைத்தான் சொல்கின்றன. ஹாங்காங், மலேசியா, அமெரிக்கா என்று எங்கெங்கிருந்தோ வந்து தங்கள் குலத்துக்கான மண்டபத்தைத் தேடி ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். அவர்களில் வயதானவர்கள் முகத்தைப் பார்த்தால், குலதெய்வக் கோயிலுக்கு வந்த நம் ஊர்க்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். 1350-இல் எழுப்பிய சிறிய கல் கோபுரம் ஒன்றும் தெருவில் இருக்கிறது. கடைகள் அதிகம்தான், ஆனாலும் காலையில் சீக்கிரம் போனால் அமைதியாக இருக்கும்.

என்ன போட்டுக்கொள்வது, என்ன எடுத்துப்போவது?

அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் காலணி. இதில் மட்டும் சமரசம் வேண்டாம். பாதையில் பலகைக் கல்லும் உண்டு, ஆற்றுக் கூழாங்கல்லும் உண்டு. பலநூறு ஆண்டு மிதிபட்டு உருண்ட கல், மேலே இலைச்சருகு, அதன்மேல் தூறல் என்றால், ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. ரப்பர் செருப்போடு வந்து பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு இறங்குபவர்களைப் பார்க்கலாம். ஜனவரியில் காலைக் குளிர் 5 டிகிரிக்குப் பக்கத்தில் போகும், காற்றில் ஈரம் இருப்பதால் இன்னும் உறைக்கும். ஏறும்போது வியர்க்கும், எனவே ஒரே தடிமனான கோட்டைவிட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. தண்ணீர், மழைச்சட்டை, கழிவறைக் காகிதம். கடைசியைச் சிரிக்காமல் படியுங்கள், பொதுக் கழிவறைகளில் அது இருப்பதில்லை.

சைவம் சாப்பிடுபவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் விழிப்பு வேண்டும். நல்ல செய்தி, இந்த வட்டாரத்தில் காரம் உண்டு. குவாங்டாங் சமையல் சப்பென்று இருக்கும் என்ற பொதுக்கருத்து நான்சியோங்குக்குப் பொருந்தாது. கெட்ட செய்தி, பன்றிக்கொழுப்பில் தாளிப்பது வழக்கம். டோஃபு என்றால் சைவம் என்று நம்பி விடாதீர்கள். இங்குள்ள ஹக்கா மக்கள் டோஃபுவின் நடுவில் அரைத்த பன்றிக்கறியை அடைத்துத்தான் பொரிப்பார்கள். “வோ ச்சி சூ” என்றால் நான் சைவம். “பு யாவ் ஜூ யோ” என்றால் பன்றிக்கொழுப்பு வேண்டாம். உச்சரிப்பை நம்புவதைவிட, மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதி நீட்டுவது பாதுகாப்பு. கீரை வதக்கல், தக்காளி முட்டை, உருளைக்கிழங்குத் துருவல் எங்கும் கிடைக்கும்.

அசைவர்கள் காரமான பெருவாத்துக் கறியைத் தேடிச் சாப்பிடலாம். குளிர்காலத்தில் தாயூவிலும் நான்சியோங்கிலும் வீட்டு வாசலில் உப்பிட்டுத் தட்டையாக விரித்த வாத்துகள் வெயிலில் தொங்கும். அதைச் சோற்றின்மேல் வைத்து வேகவைப்பார்கள், கொழுப்பு உருகிச் சோற்றில் இறங்கியிருக்கும்.

பணம், போன், மொழி?

சிறு கடையிலும் அலிபே அல்லது வீசாட் பேதான். ஊரில் இருக்கும்போதே செயலியை இறக்கி, பன்னாட்டு அட்டையை இணைத்துச் சரிபார்த்துவிடுங்கள். கைக்காசும் கொஞ்சம் வைத்திருங்கள். கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் உள்ளூர் வைஃபையில் திறக்காது. நம் ஊர் சிம்மின் ரோமிங்கில் வேலை செய்யும். வரைபடத்துக்கு ஆமாப் (Amap) செயலி. ஆங்கிலம் இந்தச் சிற்றூர்களில் எடுபடாது, ஆனால் மக்கள் பொறுமையாக உதவுவார்கள். அவசரத்துக்குக் காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 120. தங்குமிடத்தை நான்சியோங் நகரிலும் தாயூ நகரிலும் பாருங்கள். வெளிநாட்டவரின் கடவுச்சீட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அறையை முன்பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகலாமா?

முழங்கால் வலி இல்லாத பெரியவர்கள் கைத்தடியோடு தாராளமாக ஏறலாம். வழியில் மண்டபங்கள் உண்டு, உட்கார்ந்து போகலாம். கைக்குழந்தைக்குத் தள்ளுவண்டி உதவாது, தூக்கிப்பை வேண்டும். மழை நாளில் இரு தரப்பையும் அழைத்துப் போகாதீர்கள்.

சாலை ஏன் கைவிடப்பட்டது?

1757-க்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்களுக்குச் சிங் அரசு திறந்து வைத்திருந்த ஒரே துறைமுகம் குவாங்சோ. ஃபூஜியான் தேயிலையும் ஜிங்தேசென் பீங்கானும் இந்த மலையைத் தாண்டித்தான் குவாங்சோவுக்கு வர வேண்டும். லண்டனில் குடித்த தேநீரில் பெரும்பகுதி இந்தச் சுமைகூலிகளின் தோளில் ஏறி இறங்கியது. அபினிப் போருக்குப் பிறகு, 1842 உடன்படிக்கையால் ஷாங்காய், ஃபூசோ உள்ளிட்ட துறைமுகங்கள் திறந்தன. தேயிலை பக்கத்துக் கடற்கரையிலேயே கப்பலேறியது. மலையின் இருபக்கமும் சுமை தூக்கிப் பிழைத்தவர்களுக்கு வேலை போயிற்று. 1936-இல் முடிந்த குவாங்சோ–ஹாங்கோ ரயில் பாதையும் வேறு வழியாகப் போனது. சாலை தப்பிப் பிழைத்ததற்கு அதுவும் காரணம்: தண்டவாளம் இதன்மேல் வரவில்லை.

அதே 1936 குளிர்காலத்தில், பின்னாளில் சீனாவின் வெளியுறவு அமைச்சரான சென் யீ, காயத்தோடும் நோயோடும் இந்த மலைப்புதர்களில் இருபது நாளுக்கு மேல் ஒளிந்துகிடந்தார். அவர் அப்போது கம்யூனிஸ்ட் கெரில்லாத் தலைவர், சுற்றிலும் அரசுப்படை. பிழைக்கமாட்டோம் என்று எண்ணிக் கவிதை எழுதி ஆடைக்குள் வைத்துக்கொண்டார். பிழைத்தார்.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

ஷாவ்குவானில் நான்ஹுவா கோயில். பாறைமேல் மேலாடையை வைத்த அதே ஹுய்நெங் பல ஆண்டுகள் போதித்த இடம், அவருடைய பதப்படுத்திய உடல் இன்றும் அங்கேதான் இருக்கிறது. மலையில் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு இங்கே வராமல் போவது முறையாகாது. நேரம் இருந்தால் 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த தான்சியா செம்பாறை மலைகள் அதே வழியில்.

செய்யக் கூடாதவை?

பூத்த கிளையை ஒடிக்காதீர்கள், படத்துக்காக உலுக்காதீர்கள். பெயர்ந்த கூழாங்கல்லை நினைவுப்பொருளாக எடுக்காதீர்கள், ஒரு கல் போனால் அடுத்த மழையில் பக்கத்துக் கற்களும் நகரும். கோயிலுக்குள் நுழையும்போது வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுதான், அங்கேயும் அப்படியே.

வழிகாட்டி வைத்துக்கொள்ள வேண்டுமா?

பாதை தவற வழியில்லை, அதற்காக வேண்டாம். கல்வெட்டுகளைப் படித்துச் சொல்ல ஒருவர் இருந்தால் நடை இரண்டு மடங்கு நிறையும். ஷாவ்குவானிலோ கான்சோவிலோ ஆங்கிலம் தெரிந்த கல்லூரி மாணவர் யாராவது ஒரு நாள் கூட வரச் சம்மதித்தால், அழைத்துக்கொள்ளுங்கள்.